உரம் செடிக்குச் சோறு அல்ல, உப்பு! தெரியுமா?

மணி பிளான்ட்டில் ஓர் இலை மஞ்சளாகிவிட்டால் போதும், நம் கை உடனே உர டப்பாவைத் தேடும். பக்கத்து வீட்டு அக்கா வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீரை ஊற்றச் சொல்வார். மாமா ஒரு பிடி யூரியா போடச் சொல்வார். "பாவம், செடிக்குப் பசி" என்று எல்லோருக்கும் இரக்கம். ஆனால் செடிக்கு உண்மையில் பசிக்கிறதா? அது எதைத் தின்று வளர்கிறது? தொட்டிக்குள் நடக்கும் அதிசயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் உங்கள் உரக் கரண்டி தானாகவே சிறிதாகிவிடும்!

மரம் மண்ணைத் தின்று வளரவில்லை, தெரியுமா?

பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் 17ஆம் நூற்றாண்டில் ஒரு காரியம் செய்தார். காயவைத்த மண்ணை 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ, எடை போட்டுத் தொட்டியில் நிரப்பினார். அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும்தான் ஊற்றினார். பிறகு மரத்தைப் பிடுங்கி எடை பார்த்தால் 169 பவுண்டு! கிட்டத்தட்ட 77 கிலோ. மண்ணில் எவ்வளவு குறைந்திருந்தது தெரியுமா? வெறும் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராம்கூட இல்லை!

இந்தச் சோதனை அவர் மறைந்த பிறகு 1648இல் அச்சில் வந்தது. மரம் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது பாதி உண்மைதான். மரத்தின் உடம்பில் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்தது. சோறு சமைப்பது இலை, அடுப்பு சூரியன், அரிசி காற்றிலும் நீரிலும் இருக்கிறது. அப்படியானால் அந்த 2 அவுன்ஸ்? அதுதான் சோற்றில் போடும் உப்பு! நாம் கடையில் வாங்கும் உரமெல்லாம் அந்த இரண்டு அவுன்ஸின் இடத்தை நிரப்பத்தான். உப்பில்லாமல் சோறு இறங்காது. அதற்காக உப்பையே அள்ளி வைத்தால்?

செடிக்கு நிக்கலும் வேண்டும், தெரியுமா?

செடி வாழ அவசியமான தனிமங்கள் 17 என்று இன்று கணக்கு. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலும் நீரிலும் கிடைத்துவிடும். மிச்சம் 14 வேர் வழியாக வர வேண்டும். தழைச்சத்தான நைட்ரஜன், மணிச்சத்தான பாஸ்பரஸ், சாம்பல்சத்தான பொட்டாசியம், பிறகு சுண்ணாம்புச்சத்து, மக்னீசியம், கந்தகம். அதற்கப்புறம் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல்!

இந்தப் பட்டியலில் கடைசியாக இடம் பிடித்தது நிக்கல்தான், 1987இல். அதன் வேலை என்ன? யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்ற நொதியின் நடுவில் நிக்கல் உட்கார்ந்திருக்கிறது. நிக்கல் இல்லாவிட்டால் செடியின் உள்ளேயே யூரியா தேங்கி இலை நுனி கருகும். தேவைப்படுவதோ கண்ணுக்கே தெரியாத அளவு!

இன்னொரு விந்தையையும் கேளுங்கள். இந்தப் பதினேழில் தேவையைவிட எது மிகக் குறைவோ அதுதான் வளர்ச்சியின் எல்லையைத் தீர்மானிக்கும். ஜெர்மானியரான கார்ல் ஸ்ப்ரெங்கல் 1828இல் எழுதியதை வேதியியலாளர் லீபிக் உலகெங்கும் பரப்பினார். இரும்பு இல்லாமல் வாடும் செடிக்கு யூரியாவை மூட்டையாகக் கொட்டினாலும் ஓர் இலைகூடப் பச்சையாகாது!

தொட்டியில் நாம் போடுவது வெடியுப்பு, தெரியுமா?

உப்பு என்று நான் சொன்னது வெறும் உவமை அல்ல. ரசாயன உரங்களில் பெரும்பாலானவை உண்மையிலேயே உப்புகள்! 13:0:45 என்று எழுதிய பாக்கெட்டில் இருப்பது பொட்டாசியம் நைட்ரேட். பட்டாசு மருந்தில் சேரும் வெடியுப்பு அதுதான்! இரும்புச்சத்துக்குப் போடும் பெர்ரஸ் சல்பேட் நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதியாகக் கிடைக்கும். மக்னீசியம் சல்பேட், வயிற்றைச் சுத்தம் செய்யக் குடித்த பேதியுப்பு. இங்கிலாந்தின் எப்சம் என்ற ஊரின் ஊற்று நீரில் கிடைத்ததால் அதற்கு எப்சம் உப்பு என்றும் பெயர்.

உப்பு கூடினால் என்ன ஆகும்? வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு அடர்ந்துவிட்டால் வேரால் நீரை இழுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும், ஆனால் செடி தாகத்தில் வாடும்! முதலில் இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகும். மண்பானைத் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அது பூஞ்சணம் என்று பலர் துடைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உரமும் போர்வெல் தண்ணீரும் விட்டுச்சென்ற உப்பு. மருந்து எளிது. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுக்க வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். உப்பு கரைந்து போய்விடும்!

பாக்கெட்டின் மூன்று எண்களில் ஒரு மர்மம் இருக்கிறது, தெரியுமா?

19:19:19 என்று போட்டிருந்தால் நூறு கிராமில் தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 19 கிராம் என்றுதானே நினைப்பீர்கள்? முதல் எண் சரி. நைட்ரஜன் 19 கிராம் இருக்கிறது. ஆனால் உண்மையான பாஸ்பரஸ் சுமார் 8 கிராம்தான்! பொட்டாசியம் சுமார் 16 கிராம்! பழைய வேதியியலாளர்கள் இந்த இரண்டையும் ஆக்சைடாகக் கணக்கிட்டார்கள். அந்த வழக்கம் இன்றும் மூட்டைகளில் தொடர்கிறது.

எண்களின் பலத்தைப் பாருங்கள். யூரியா 46:0:0. ஒரு தேக்கரண்டி யூரியா சுமார் 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நாற்றுகளுக்கு லிட்டருக்கு அரை கிராம் வீதம் 19:19:19 கரைத்தால் கிடைக்கும் நீரில் எவ்வளவு நைட்ரஜன் இருக்குமோ, அதைப் போல 19 லிட்டரில் இருப்பது அந்த ஒரே கரண்டியில் இருக்கிறது! வயலுக்கு அளந்து தயாரித்த உரம் கைப்பிடித் தொட்டிக்குள் போனால் செடி கருகுவதில் வியப்பே இல்லை. டிஏபி உரமும் அப்படித்தான், 18:46:0. வீட்டுச் செடிக்கு அவ்வளவு மணிச்சத்து வேண்டவே வேண்டாம். இலைச் செடிகள் எடுத்துக்கொள்ளும் விகிதம் ஏறக்குறைய 3:1:2. பூப்பதற்கென்று நடு எண்ணை ஏற்றி விற்கும் உரங்களைக் கண்டு மயங்காதீர்கள். மணிச்சத்து மிஞ்சினால், வேரோடு உறவாடி சத்தைத் தேடித் தரும் நல்ல பூஞ்சைகள்கூட ஒதுங்கிக்கொள்ளும்!

தேங்காய்ப் பூ ஒரு குழந்தை உணவு, தெரியுமா?

தெருவோர வண்டியில் நாம் வாங்கித் தின்னும் தேங்காய்ப் பூ என்ன என்று நினைக்கிறீர்கள்? முளைக்கும் தென்னங்கன்று தேங்காய்ப் பருப்பிலுள்ள சத்தை உறிஞ்ச உருவாக்கும் உறுப்பு அது! அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டே கன்று பல மாதங்கள் வளரும். இதற்கு நேர் எதிர் ஆர்க்கிட் விதை. தூசியைப் போல இருக்கும் அதில் சேமிப்பு ஏதுமில்லை. மண்ணிலோ மரப்பட்டையிலோ ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் இயற்கையில் அது முளைத்துப் பிழைக்கும்!

நம் தக்காளி, மிளகாய், கத்தரி விதைகள் இரண்டுக்கும் நடுவில். முதலில் விரியும் இரண்டு இலைகளும் வித்திலைகள். உள்ளே சேமித்த உணவு முதல் சில நாட்களுக்குப் போதும். அதனால் முளை வரும்போதே உரம் போடாதீர்கள்! மெல்லிய வேருக்கு உப்பே எமன். வித்திலைக்குப் பிறகு தாய்ச்செடியின் சாயலில் உண்மையான இலைகள் ஒரு ஜோடி வரட்டும். அப்போது ஆரம்பியுங்கள். 19:19:19 போல நீரில் கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. அதற்கு மேல் வேண்டாம்.

பொள்ளாச்சியிலிருந்து உலகெங்கும் போகும் "மண்ணில்" சத்தே இல்லை, தெரியுமா?

குழித்தட்டில் நாற்று விடுகிறவர்கள் எல்லோரும் நம்புவது தென்னை நார்க்கழிவை, அதாவது கோகோபீட்டை. பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து கட்டி கட்டியாகக் கப்பலேறுகிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும், வேருக்குக் காற்றும் விடும். ஆனால் நைட்ரஜனும் சுண்ணாம்புச்சத்தும் அதில் ஏறக்குறைய கிடையாது! கழுவாத கோகோபீட்டில் பொட்டாசியம், சோடியம் உப்புகள்தான் மிகுதி. வாங்கியதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். பிறகு ஐந்தில் ஒரு பங்கு மண்புழு உரம் சேர்த்தால் நாற்று குதூகலமாக எழும். வெறும் கோகோபீட்டில் நாற்று வெளுத்துச் சோம்பி நின்றால் அது நோய் அல்ல. அங்கே உப்பு போடாத சோறு வெந்துகொண்டிருக்கிறது!

உங்கள் வீட்டு மூலை எவ்வளவு இருட்டு, தெரியுமா?

நண்பகல் வெயிலின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். ஜன்னலை விட்டுத் தள்ளிய அறை மூலையில்? சில நூறு லக்ஸ்தான்! நம் கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் வெளிச்சமாகத் தெரிகிறது, இலையோ ஏமாறாது. வெளிச்சம் குறைந்தால் சமையல் குறையும், சமையல் குறைந்தால் உப்பும் குறைய வேண்டும்! டிவிக்குப் பக்கத்து ஸ்நேக் பிளான்ட்டுக்கு ஆண்டில் இரண்டு மூன்று முறை மெலிந்த உரநீர் தாராளம். மாடியில் வெயிலில் காய்க்கும் தக்காளிக்கு வாரம் ஒருமுறைகூட வேண்டியிருக்கும்.

அப்படியானால் எப்போது கொடுப்பது? குளிர் நாட்டுப் புத்தகங்கள் குளிர்காலத்தில் உரத்தை நிறுத்தச் சொல்லும். சென்னையிலும் மதுரையிலும் பனி உறைவதில்லையே! நமக்கு நாட்காட்டியைவிட நம்பகமான அடையாளம் புதுத் துளிர். துளிர் வந்துகொண்டிருந்தால் கொடுங்கள், நின்றிருந்தால் நிறுத்துங்கள். அக்னி நட்சத்திரத்தில் வாடி நிற்கும் செடிக்கும், நேற்றுதான் தொட்டி மாற்றிய செடிக்கும் உரம் கொடுக்காதீர்கள்.

எந்த இலை மஞ்சளாகிறது என்பதில்தான் ரகசியம், தெரியுமா?

செடி தன் முதிய இலைகளிலிருந்து சத்தைப் பிடுங்கித் துளிர்களுக்குக் கொடுக்கும்! நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் நான்கும் அப்படி இடம் மாறக்கூடியவை. அதனால் இவை குறைந்தால் அடியிலுள்ள முதிய இலைகள்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் போன இடத்தை விட்டு நகர்வதில்லை. அவை குறைந்தால் உச்சித் துளிர் காட்டிக்கொடுக்கும்!

அடி இலை முழுதும் வெளுத்து மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்து. அடி இலையில் நரம்பு பச்சை, இடைவெளி மஞ்சள் என்றால் மக்னீசியம், அங்கேதான் பேதியுப்புக்கு வேலை. அதே கோலம் புதுத் துளிரில் என்றால் இரும்பு. நம் ஊர்ப் போர்வெல் தண்ணீரின் காரத்தன்மையால் மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாமல் பூட்டிக்கொள்ளும். கரிம மூலக்கூறு பற்றிக்கொண்ட கீலேட் வடிவ இரும்பு அந்தப் பூட்டைத் திறக்கும்!

ஆனால் எதற்கும் முன்னால் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். மண் சொதசொதவென்றிருந்தால் மஞ்சளுக்குக் காரணம் அழுகும் வேர். அதற்கு உரம் மருந்தல்ல, தண்ணீரை நிறுத்துவதுதான் மருந்து.

சமையலறைக் குப்பையில் எது நிஜ உரம், தெரியுமா?

முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். ஆனால் நொறுக்கிப் போட்ட துண்டுகள் காரமான மண்ணில் கரையவே கரையாது! நைசாகப் பொடித்து, மட்கும் குப்பையில் சேர்த்தால்தான் பலன். வாழைப்பழத் தோலில் பொட்டாசியம் உண்டு, நைட்ரஜன் மிகவும் குறைவு. காப்பித் தூள் சக்கையில் சுமார் 2 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. அதையும் மட்கவைத்தே போடுங்கள், பச்சையாகப் போட்டால் நாற்றின் வளர்ச்சியையே தடுக்கும்! அரிசி கழுவிய தண்ணீர் தீங்கில்லை, ஆனால் அறைக்குள் வாரக்கணக்கில் ஊற்றினால் குட்டி ஈக்கள் குடும்பத்தோடு வந்துவிடும்.

இப்போது கேளுங்கள், உண்மையான பலசாலி கடலைப் புண்ணாக்கு! நைட்ரஜன் சுமார் 7 சதவீதம். வேப்பம் புண்ணாக்கில் சுமார் 5 சதவீதம். மூன்று நாள் ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீர் விட்டு ஊற்றினால் மாடித் தோட்டம் செழிக்கும். வாசனை பலமாக இருக்கும், படுக்கையறைக்கு ஆகாது. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தை 3 சதவீதமாக, அதாவது லிட்டருக்கு 30 மில்லி மட்டும் கலந்து தெளிக்க வேண்டும். இயற்கை உரமானாலும் அளவு அளவுதான்!

இளநீர் கதை இன்னும் வியப்பு. 1941இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் மிக இளம் கருக்களை ஆய்வகத்தில் வளர்த்தது தேங்காய்த் தண்ணீரை ஊட்டித்தான்! செல்களைப் பிரியத் தூண்டும் சைட்டோகைனின்கள் அதில் இருப்பது பின்னர் தெரிந்தது. ஆனால் தொட்டியில் ஊற்றினால் சர்க்கரைக்கு எறும்புதான் வரும். நீங்களே குடித்துவிடுங்கள்.

உர ஆலைகள் பூந்தொட்டியிலிருந்து பிறந்தன, தெரியுமா?

1804இல் ஹம்போல்ட் பெரு நாட்டுக் கடற்பறவை எச்சத்தின் மாதிரியை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். சில பத்தாண்டுகளில் அந்த எச்சத்துக்காக ஐரோப்பியக் கப்பல்கள் வரிசை கட்டின. ஆளில்லாத எச்சத் தீவுகளைக் கைப்பற்ற அமெரிக்கா 1856இல் சட்டமே போட்டது! அதே காலத்தில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் ஜான் லாஸ் என்ற இளைஞர் தொட்டிச் செடிகளுக்கு விதவிதமான உரங்களைப் போட்டுப் பார்த்தார். அங்கிருந்து பிறந்ததுதான் 1842இல் அவர் காப்புரிமை பெற்ற சூப்பர் பாஸ்பேட். 1843இல் அவர் தொடங்கிய வயல் சோதனை இன்றும் நடக்கிறது! 1906இல் நம் ராணிப்பேட்டையில் இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை எழுந்தது. ஜெர்மன் வேதியியலாளர் ஹேபர் 1909இல் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக் காட்டினார், 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் பாஷ் அதை ஆலையாக்கினார். இன்று மனித உடல்களிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய பாதி அந்த வழியில் வந்தது என்று கணக்கிடுகிறார்கள். உங்களுக்குள்ளும் கொஞ்சம் உரம் ஓடுகிறது!

ஆறு மாத உருண்டை நம் ஊரில் ஆறு மாதம் வராது, தெரியுமா?

மெழுகு பூசியது போல மின்னும் சிறு உருண்டை உரங்களைப் பார்த்திருப்பீர்கள். பிசின் பூச்சு வழியாகச் சத்து சிறிது சிறிதாகக் கசியும். ஆறு மாதம் வரும் என்று உறையில் இருக்கும். அந்தக் கணக்கு பொதுவாக 21 டிகிரி மண் வெப்பத்துக்குப் போட்டது! 35 டிகிரி மாடித் தொட்டியில் கசிவு வேகமெடுத்து முன்கூட்டியே தீர்ந்துவிடும். அதனால் கோடையில் அளவைக் குறைத்துப் போடுங்கள்.

உரம் போட்டால் செத்துப்போகும் செடியும் உண்டு, தெரியுமா?

மேகாலயக் காடுகளின் குடுவைத் தாவரம் சத்தற்ற மண்ணில் நின்றுகொண்டு பூச்சியைப் பிடித்து நைட்ரஜனைப் பெறுகிறது. நர்சரிகளில் விற்கும் குடுவைச் செடிகளும் அந்தக் குலம்தான். அவற்றின் தொட்டியில் உரம் போட்டால் வேர் கருகும்! மழைநீர் ஊற்றினால் போதும்.

இனி என்ன செய்ய வேண்டும்?

எண்கள் அச்சிடாத உரப் பாக்கெட்டை வாங்காதீர்கள். வீட்டுச் செடிக்கு உறையில் சொன்னதில் பாதி, நாற்றுக்குக் கால் பங்கு. காய்ந்த மண்ணில் ஒருபோதும் ஊற்றாதீர்கள், முதலில் தண்ணீர், பிறகு உரநீர். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை நன்றாக அலசிவிடுங்கள். குறைவாகப் போட்ட செடியை அடுத்த வாரம் தேற்றிவிடலாம், கூடிப்போய்க் கருகிய வேரை மீட்பது கடினம். செடி சுணங்கினால் முதலில் ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள், மண்ணைத் தொட்டுப் பாருங்கள், உர டப்பாவைக் கடைசியில் திறங்கள்!